கோடிப் பதிவுகளில் வேண்டியதை மட்டும்: சுருக்கிய பிட்மேப் எப்படி வேலை செய்கிறது

துணி விற்கும் இணையதளம் ஒன்றில் 1 கோடி பொருட்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்க வந்தவர் பக்கவாட்டில் உள்ள கட்டங்களில் மூன்றை டிக் செய்கிறார்: பருத்தி, சிவப்பு, கையிருப்பு உண்டு. விடை உடனே வந்துவிடுகிறது. கூடவே மற்ற நிறங்களுக்கும் பிராண்டுகளுக்கும் பக்கத்தில் இருக்கும் எண்ணிக்கைகளும் மாறிவிடுகின்றன. அந்தப் பக்கம் திறப்பதற்குள் தரவுத்தளம் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. நீலத்தில் எத்தனை, பச்சையில் எத்தனை, இந்த பிராண்டில் எத்தனை என்று ஐம்பது அறுபது கேள்விகளை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது.

நிறம், துணி வகை, விற்பவர், தேதி, மொழி, பார்க்க யாருக்கு அனுமதி என்று ஒரு பொருளைப் பற்றியோ ஆவணத்தைப் பற்றியோ குறித்துவைக்கும் விவரங்கள்தான் மெட்டாடேட்டா. அவற்றைக் கொண்டு சலித்தெடுக்கும் வேலை இல்லாத மென்பொருள் இன்று அநேகமாக இல்லை. அந்த வேலைக்குப் பின்னால் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பது சுருக்கிய பிட்மேப் என்ற உத்தி. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால், எந்த ஃபில்டர் ஏன் வேகமாக ஓடுகிறது, எது ஏன் திணறுகிறது என்பது தானாகவே பிடிபடும்.

முதலில் வழக்கமான வழியைப் பார்ப்போம். ஒவ்வொரு நிறத்துக்கும், ஒவ்வொரு துணி வகைக்கும் பொருந்தும் பொருட்களின் எண்களைப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். சிவப்பில் 8 லட்சம், பருத்தியில் 30 லட்சம், கையிருப்பில் 70 லட்சம் என்றால், இந்த மூன்று பட்டியல்களிலும் பொதுவாக இருக்கும் எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் கையிருப்புப் பட்டியல் மட்டுமே 2 கோடியே 80 லட்சம் பைட். அதை முழுக்கப் படித்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டு நகர வேண்டும். ஒருவர் கேட்டால் சமாளித்துவிடலாம். ஒரே நொடியில் ஆயிரம் பேர் கேட்டால் சர்வர் படுத்துவிடும்.

பிட்மேப்பில் எண்களை எழுதுவதே இல்லை. பொருட்களுக்கு 0 முதல் 99,99,999 வரை வரிசை எண் கொடுத்துவிட்டு, 'சிவப்பு' என்ற மதிப்புக்கு 1 கோடி பிட் கொண்ட ஒரு நீண்ட வரியை வைத்துக்கொள்கிறோம். 57ஆம் பொருள் சிவப்பு என்றால் 57ஆம் இடத்தில் 1, இல்லையென்றால் 0. பருத்திக்கும் அதே போல ஒரு வரி, கையிருப்புக்கும் ஒரு வரி. மூன்றும் ஒரே வரிசையில் இருப்பதால் ஒப்பிட எதுவுமில்லை. மூன்று வரிகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மூன்றிலும் 1 இருக்கும் இடங்களை எடுத்தால் போதும். ப்ராசஸருக்கு 'அண்ட்' என்ற செயல் இதற்கென்றே இருக்கிறது. ஒரே கட்டளையில் 64 பிட்டுகளை அது முடித்துவிடும். 1 கோடி பிட்டுக்கு 1,56,250 கட்டளைகள். இன்றைய சாதாரண ப்ராசஸர் ஒரு மில்லிநொடிக்குள் முடித்துவிடும் வேலை. ஒரு வரிக்கு ஆகும் இடம் பன்னிரண்டரை லட்சம் பைட்தான். விடையில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணவும் ப்ராசஸரில் தனிக் கட்டளை உண்டு. பக்கவாட்டில் மாறும் எண்ணிக்கைகள் அப்படித்தான் கிடைக்கின்றன.

இந்த யோசனை புதியதல்ல. மாடல் 204 என்ற பழைய வணிகத் தரவுத்தளத்தில் இதைப் பயன்படுத்திய விதத்தை பேட்ரிக் ஓ'நீல் 1987-இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். தொண்ணூறுகளில் ஆரக்கிளுக்குள்ளும் பிட்மேப் இண்டெக்ஸ் வந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் 2005-இல் வெளியிட்ட 8.1 பதிப்பில் இதன் இன்னொரு வகையைக் கொண்டுவந்தது. அங்கே பிட்மேப் வட்டில் நிரந்தரமாக இருக்காது. கேள்வி வரும்போது சாதாரண இண்டெக்ஸ்களைப் படித்து மெமரியில் அப்போதைக்கு உருவாகும். கேள்வி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பவர்கள் 'பிட்மேப் ஹீப் ஸ்கேன்' என்ற வரியைப் பார்த்திருப்பார்கள். மெமரி போதாமல் போனால் அது ஒவ்வொரு பதிவையும் நினைவில் வைப்பதை விட்டுவிட்டு, பதிவு இருக்கும் பக்கத்தை மட்டும் நினைவில் வைக்கும். பக்கத்தை எடுத்த பிறகு நிபந்தனையை மறுபடி சரிபார்க்கும். 'ரீசெக்' என்ற வரி அங்கே இருப்பது இதனால்தான்.

சிக்கல் தொடங்குவது மதிப்புகள் பெருகும்போது. நிறம் நாற்பது இருக்கலாம். நாற்பது வரிகளுக்கு 5 கோடி பைட், பரவாயில்லை. விற்பவர்கள் 1 லட்சம் பேர் என்றால்? ஆளுக்கு ஒரு வரி, வரிக்குப் பன்னிரண்டரை லட்சம் பைட், மொத்தம் 125 ஜிகாபைட். ஆனால் சராசரியாக ஒரு விற்பனையாளரிடம் இருப்பதோ 100 பொருள். 1 கோடி இடங்களில் நூறே நூறு 1, மீதி எல்லாம் 0. இந்த 0-க்களைச் சேமிப்பது வீண்.

சுருக்கிவிடலாமே என்று தோன்றும். கோப்புகளைச் சுருக்கும் ஜிப் போன்ற முறைகள் இதை அருமையாகச் சுருக்கும்தான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் விரித்து, கணக்குப் போட்டு, மறுபடி மடிக்க வேண்டியிருந்தால் வேகம் போய்விடும். தேவை என்னவென்றால், சுருக்கிய நிலையிலேயே 'அண்ட்', 'ஆர்' (ஏதாவது ஒன்றில் 1 இருந்தாலும் போதும் என்பது) எல்லாம் செய்ய முடிய வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் இந்தத் துறையின் முப்பது ஆண்டு உழைப்பை வழிநடத்தியிருக்கிறது.

முதல் தலைமுறை முறைகள், ஒரே பிட் தொடர்ந்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எழுதின. 1995-இல் ஆரக்கிளில் இருந்த கென்னடி அன்டோஷென்கோவ் பைட் கணக்கில் இதைச் செய்தார். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கெஷெங் வூ, எகோ ஓட்டூ, அரி ஷோஷானி மூவரும் பிறகு 'வா' முறையை உருவாக்கினார்கள். இயற்பியல் சோதனைகளில் குவியும் தரவைத் துழாவுவதுதான் அவர்கள் கண்முன் இருந்த வேலை. பைட்டுக்குப் பதில் 32 பிட் கொண்ட சொற்களாகப் பிரித்தார்கள். சுருக்கம் கொஞ்சம் குறைந்தாலும் ப்ராசஸருக்கு அது வசதியாக இருந்ததால் வேகம் கூடியது. அதே வழியில் வந்த 'ஈவா' என்ற முறை, நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் என்ற கருவிக்குள் இன்றும் இருக்கிறது. பெரிய களஞ்சியம் ஒன்றை கிட் குளோன் செய்யும்போது, எந்தக் கமிட்டிலிருந்து எந்தப் பொருளெல்லாம் எட்டும் என்று அது பார்ப்பது இந்த பிட்மேப்புகளைக் கொண்டுதான்.

இந்த முறைகளுக்கு இரண்டு பலவீனங்கள். எங்கோ தனித்து நிற்கும் ஒரு 1-ஐக் குறிக்க, அதற்கு முன்னால் உள்ள 0-க்களுக்கு ஒரு சொல், அந்த 1 இருக்கும் இடத்துக்கு ஒரு சொல் என்று 8 பைட் ஆகிவிடும். அந்தப் பொருளின் எண்ணையே நேரடியாக எழுதினால் 4 பைட்தான். சுருக்கப் போய் இரட்டிப்பாகிறது. இரண்டாவது பலவீனம் இன்னும் பெரியது. 90 லட்சமாவது இடத்தில் 0 இருக்கிறதா 1 இருக்கிறதா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாது. முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். 100 பொருள் உள்ள விற்பனையாளரையும் 70 லட்சம் கையிருப்பையும் 'அண்ட்' செய்தால், நூறே நூறு இடங்களைப் பார்க்க வேண்டிய வேலைக்குக் கையிருப்பு வரி முழுவதையும் கடந்தாக வேண்டும்.

2014-இல் கனடாவிலிருந்து வந்தது ரோரிங் பிட்மேப். சாமி ஷாம்பி, டேனியல் லெமியர், ஓவன் கேசர், ராபர்ட் கோடின் நால்வரும் எழுதிய கட்டுரை அது. அவர்கள் வரி முழுவதற்கும் ஒரே சுருக்க முறை என்ற பிடிவாதத்தை விட்டார்கள். வரியை 65,536 இடங்கள் கொண்ட துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் தனக்குப் பொருத்தமான வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். துண்டுகளாக வெட்டி, கூட்டம் குறைந்த இடத்தில் பட்டியலும் நெரிசலான இடத்தில் பிட்மேப்பும் வைக்கும் யோசனை ஓ'நீலும் சகாக்களும் உருவாக்கிய 'ரிட்பிட்' முறையிலும் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய, பல நிரல் மொழிகளிலும் ஒரே கோப்பு வடிவம் கொண்ட நிரலாக்கியது ரோரிங்.

கிட்டே போய்ப் பார்ப்போம். 2,00,000 என்ற எண்ணுள்ள பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 65,536-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 3,392. ஆக, அது 3 என்ற எண்ணுள்ள துண்டில், 3,392ஆம் இடத்தில் இருக்கிறது. கணினிக்கு இது வகுத்தல்கூட இல்லை. 32 பிட் எண்ணின் மேல் பாதி துண்டின் எண், கீழ்ப் பாதி துண்டுக்குள் இடம், அவ்வளவுதான். மேல் பாதியைத் துண்டுக்கு ஒரு முறை எழுதிவிடுவதால், உள்ளே இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் 2 பைட் போதும். நம் 1 கோடி பொருட்களும் 153 துண்டுகளுக்குள் அடங்கிவிடும். 1 எதுவுமே இல்லாத துண்டு எழுதப்படுவதே இல்லை.

இனி ஒரு துண்டுக்குள். அங்கே இருக்கும் இடங்களை ஏறுவரிசையில் பட்டியலாக எழுதினால், ஓர் எண்ணுக்கு 2 பைட். பிட்மேப்பாக எழுதினால், எத்தனை 1 இருந்தாலும் 65,536 பிட், அதாவது 8,192 பைட். இரண்டும் சமமாவது எங்கே? 4,096 எண்களில். அதுவரை பட்டியல் சிறியது. அதைத் தாண்டினால் பிட்மேப் சிறியது. எனவே ரோரிங்கின் விதி: 4,096 வரை பட்டியல், அதற்கு மேல் பிட்மேப்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. யாரோ சோதித்துப் பார்த்துத் தோராயமாக வைத்த எண் அல்ல 4,096. கணக்கிலிருந்து தானாக விழுந்த எண். அதற்கு ஒரு விளைவும் உண்டு. பட்டியலில் ஓர் எண்ணுக்கு 16 பிட். பிட்மேப்புக்கு மாறிய பின் எண்கள் கூடக்கூட ஓர் எண்ணுக்கு ஆகும் இடம் 16 பிட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். தரவு எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும், துண்டுக்கு ஆகும் சிறு தலைப்புச் செலவைத் தவிர, ஓர் எண்ணுக்கு 16 பிட்டைத் தாண்டவே தாண்டாது. இப்படி ஓர் உச்சவரம்பை முன்கூட்டியே சொல்ல முடிவது, பெரிய சர்வரில் மெமரி திட்டமிடுபவருக்கு எவ்வளவு நிம்மதி என்பது அந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முதல் வடிவத்தில் ஒரு குறை இருந்தது. துண்டு முழுக்க 1 என்றாலும் 8,192 பைட் ஆகும். 2016-இல் கிரகரி சி-யான்-காய் சேர்ந்து எழுதிய அடுத்த கட்டுரையில் மூன்றாவது வடிவம் வந்தது: 'இந்த இடத்தில் தொடங்கி, இத்தனை இடம் தொடர்ந்து 1' என்று எழுதும் தொடர் வடிவம். முழுத் துண்டும் 1 என்றால் 6 பைட்டில் முடிந்துவிடும்.

100 பொருள் உள்ள விற்பனையாளருக்குத் திரும்புவோம். அவருடைய பொருட்கள் நூறும் நூறு வெவ்வேறு துண்டுகளில் சிதறிக் கிடந்தால்கூட, துண்டுக்குத் தலைப்பு 8 பைட், எண்ணுக்கு 2 பைட் என்று சுமார் 1,000 பைட். 1 லட்சம் விற்பனையாளர்களுக்கும் சேர்த்து மோசமான கணக்கில் 10 கோடி பைட். 125 ஜிகாபைட் கேட்ட வேலை இப்போது ஒரு கைப்பேசியின் மெமரியில் அடங்கும்.

இடம் மிச்சமானது சரி, கணக்கு எப்படி நடக்கிறது? இரண்டு பிட்மேப்புகளை 'அண்ட்' செய்யும்போது முதலில் துண்டு எண்களை மட்டும் ஒப்பிடும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத துண்டை அப்படியே தாண்டிவிடும். 65,536 இடங்கள் ஒரே ஒப்பீட்டில் தீர்ந்தன. இரண்டிலும் துண்டு இருந்தால், உள்ளே என்ன வடிவம் என்று பார்க்கும். இரண்டும் பிட்மேப் என்றால் 1,024 'அண்ட்' கட்டளைகள். போகிற போக்கில் 1-களை எண்ணி, விடை 4,096-க்குள் இருந்தால் பட்டியலாக எழுதும். ஒன்று 300 எண்கள் கொண்ட பட்டியல், மற்றது பிட்மேப் என்றால், பட்டியலில் உள்ள 300 எண்களையும் எடுத்து, 'இந்த இடத்தில் 1 இருக்கிறதா' என்று 300 முறை கேட்டால் போதும். மற்ற அறுபத்தைந்தாயிரம் இடங்களைத் தொடவே வேண்டாம். இரண்டும் பட்டியல், ஒன்றில் 10 எண், மற்றதில் 3,000 என்றால், பெரியதை வரிவரியாகப் படிக்காமல் பாய்ச்சல் போட்டுத் தேடும். முதலில் 1 இடம், பிறகு 2, 4, 8 என்று தாவி, இலக்கைத் தாண்டியதும் அந்தக் கடைசித் தாவலுக்குள் மட்டும் தேடும். வடிவம் மாறுவதால் நிரல் எழுதுவது கடினம். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி வழி எழுத வேண்டும். ஆனால் அந்தக் கஷ்டம் நூலகம் எழுதுபவரோடு போகிறது.

பல நிபந்தனைகள் வந்தால் சிறியதிலிருந்து தொடங்குவது நல்லது. 100 பொருள் விற்பனையாளரை முதலில் எடுத்தால் அடுத்தடுத்த வேலை எல்லாம் நூறுக்குள் நடக்கும். எது சிறியது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு துண்டும் தன்னிடம் எத்தனை 1 இருக்கிறது என்பதைத் தலைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. கூட்டினால் போதும்.

லூசீன் என்ற தேடல் நூலகம், அதாவது எலாஸ்டிக்சர்ச்சின் அடித்தளம், ஃபில்டர் விடைகளைச் சேமித்துவைக்க இதே யோசனையைத் தன் பாணியில் எழுதிக்கொண்டது. அதில் ஓர் அழகான சேர்க்கை இருக்கிறது. ஒரு துண்டில் ஏறக்குறைய எல்லாமே 1 என்றால், 1 இல்லாத இடங்களை மட்டும் பட்டியலாக எழுதும். வகுப்பில் நாற்பது பேர் வந்து மூன்று பேர் வராத நாளில், ஆசிரியர் வராதவர்களின் எண்களை மட்டும் கரும்பலகை மூலையில் எழுதுவதைப் போல.

அண்மை ஆண்டுகளில் இந்தப் பழைய கருவிக்குப் புது அவசரம் ஒன்று சேர்ந்திருக்கிறது. அது வெக்டர் தேடல். ஆவணத்தின் பொருளை நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட வெக்டராக மாற்றி, கேள்விக்கு நெருக்கமான வெக்டர்களைத் தேடுவது இன்றைய செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களுக்கு அன்றாடத் தேவை. மால்கோவ், யாஷுனின் இருவரும் 2016-இல் விவரித்த எச்.என்.எஸ்.டபிள்யூ என்ற வலைப்பின்னல் முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. வலைப்பின்னலில் ஒரு புள்ளியில் தொடங்கி, கேள்விக்கு இன்னும் நெருக்கமான அண்டைப் புள்ளிக்கு நகர்ந்துகொண்டே போகும்.

இங்கே ஃபில்டர் எங்கே வருகிறது? ஒரு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், தான் பார்க்க அனுமதியுள்ள, 2023-க்குப் பிந்தைய ஆவணங்களில் மட்டும் தேடச் சொல்கிறார். முதலில் நெருக்கமான 10 ஆவணங்களைத் தேடிவிட்டுப் பிறகு அனுமதி இல்லாதவற்றைக் கழித்தால், சில நேரம் மிச்சம் ஒன்றுமே இருக்காது. பொருத்தமான ஆவணம் பதினோராவது இடத்தில் இருந்திருக்கும். சரி, 10-க்குப் பதில் 1,000 எடுத்துக் கழிப்போம் என்பார்கள். அனுமதியுள்ளவை லட்சத்தில் ஒன்றாக இருந்தால் அதுவும் பலிக்காது. அதைவிட, அனுமதி தொடர்பான சலிப்பைக் கடைசியில் வைப்பது ஆபத்து; நடுவில் ஒரு படி தவறினாலும் ஒருவருடைய ஆவணம் இன்னொருவர் திரையில் தெரியும். பல வாடிக்கையாளர்களின் தரவை ஒரே இடத்தில் வைத்திருப்பவர்கள் அனுமதி ஃபில்டரை முதலில் ஓட்ட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

முதலில் ஓட்டினால், விடை ஒரு பிட்மேப்பாகக் கிடைக்கும். வலைப்பின்னலில் நடக்கும்போது சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் 'இது பிட்மேப்பில் இருக்கிறதா' என்று கேட்கலாம். ஒரு தேடலுக்குள் ஆயிரக்கணக்கான முறை, எந்த ஒழுங்கும் இல்லாத வரிசையில் இந்தக் கேள்வி வரும். முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வரும் பழைய சுருக்க முறைகள் இங்கே நிற்க முடியாது. ரோரிங்கில் துண்டைக் கண்டுபிடிக்க ஒரு சிறு தேடல், உள்ளே இன்னொரு சிறு தேடலோ ஒரு பிட் பார்வையோ. அத்துடன், விடையின் அளவு உடனே தெரிந்துவிடுவதால் இன்னொரு முடிவும் எடுக்கலாம். அனுமதியுள்ளவை சில ஆயிரம் மட்டும் என்றால் வலைப்பின்னலே வேண்டாம்; அத்தனை வெக்டர்களையும் நேரடியாக ஒப்பிட்டுவிடுவது வேகமானது, விடையும் துல்லியமாக இருக்கும். வீவியேட் என்ற வெக்டர் தரவுத்தளம் 2023-இல் தன் 1.18 பதிப்பிலிருந்து ஃபில்டர்களை ரோரிங் பிட்மேப்புகளாக வைத்துக்கொள்கிறது. ட்ரூயிட், பினோ, கிளிக்ஹவுஸ் போன்ற பகுப்பாய்வுத் தரவுத்தளங்களிலும் ரோரிங் இருக்கிறது.

இனி விலைக்கு வருவோம். '500 ரூபாய்க்குக் கீழே' என்ற ஃபில்டர் பிட்மேப்புக்கு இயல்பாகப் பொருந்தாது. ஒவ்வொரு விலைக்கும் ஒரு பிட்மேப் வைத்தால், 1 ரூபாய் முதல் 499 வரை 499 பிட்மேப்புகளை 'ஆர்' செய்ய வேண்டும். 50,000-க்குக் கீழே என்றால் கேட்கவே வேண்டாம். இதற்கு பேட்ரிக் ஓ'நீலும் டாலன் குவாஸும் 1997-இல் விவரித்த வழி, விலையை இரும எண்ணாக எழுதி, அதன் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு பிட்மேப் வைப்பது. 20 பிட் என்றால் பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் வரை எந்த விலையும் அடங்கும்; பிட்மேப்புகள் இருபதே.

தேடும் விதத்தைப் பாருங்கள். இரண்டு குழுக்களை வைத்துக்கொள்கிறோம்: 'கண்டிப்பாகக் குறைவு' என்று முடிவானவை, 'இதுவரை சமம்' என்று காத்திருப்பவை. தொடக்கத்தில் எல்லாப் பொருட்களும் காத்திருக்கும் குழுவில். மேல் பிட்டிலிருந்து இறங்குகிறோம். 500 என்ற எண்ணின் மேல் 11 பிட்டுகளும் 0. அவற்றில் எதிலாவது 1 வைத்திருக்கும் பொருளின் விலை 512 அல்லது அதற்கு மேல். அது காத்திருக்கும் குழுவிலிருந்து வெளியே போய்விடும். அடுத்து 256-க்கான பிட். 500-இல் அது 1. காத்திருப்பவற்றில் அந்த பிட் 0 ஆக உள்ளவை 256-க்குக் கீழே என்று உறுதியாகிவிட்டதால், 'கண்டிப்பாகக் குறைவு' குழுவுக்கு மாறும். 1 ஆக உள்ளவை தொடர்ந்து காத்திருக்கும். இப்படியே கடைசி பிட் வரை. 20 படிகளில் 1 கோடி விலைகளும் சலிக்கப்பட்டுவிடும், ஒரு விலையைக்கூடத் தனியாகப் படிக்காமல்.

பலரும் கவனிக்காமல் விடுவது பொருட்களுக்கு எண் கொடுக்கும் முறை. பிட்மேப்பின் அளவும் வேகமும் அதைப் பொறுத்தே அமைகின்றன. பொருட்கள் வந்து சேரும் வரிசையில் எண் கொடுத்தால் பருத்தி 1 கோடி முழுக்கச் சிதறியிருக்கும். 153 துண்டுகளிலும் பத்துக்கு மூன்று 1. எல்லாமே பிட்மேப் வடிவம் எடுத்து, பன்னிரண்டரை லட்சம் பைட் ஆகும். சுருக்கம் என்று எதுவுமில்லை. அதே பொருட்களைத் துணி வகைப்படி அடுக்கிவிட்டு எண் கொடுத்தால், பருத்தி 30 லட்சமும் ஒரே தொடர். நாற்பத்தாறோ நாற்பத்தேழோ துண்டுகள், துண்டுக்கு ஒரு தொடர். ஆயிரம் பைட்டுக்குள் முடிந்துவிடும். தரவு அதேதான், எண் கொடுத்த வரிசை மட்டும் மாறியது. லெமியர், கேசர், கமெல் அவூயிஷ் மூவரும் 2010-இல் பழைய பிட்மேப் முறைகளை வைத்தே இந்த அடுக்குதலின் பலனைக் காட்டியிருந்தார்கள். எல்லாப் புலங்களுக்கும் ஒரே நேரத்தில் நல்ல வரிசை அமையாது என்பது உண்மை. துணி வகைக்கு அடுக்கினால் விற்பவர் சிதறுவார். அடிக்கடி கேட்கப்படும், மதிப்புகள் குறைவான புலத்தை முதலில் வைத்து அடுக்குவது பொதுவாகக் கைகொடுக்கும்.

இதற்கு நேர்மாறானது, யூயூஐடி போன்ற நீண்ட எண்களை 64 பிட்டாகக் குறுக்கி அதையே பொருளின் எண்ணாகப் பயன்படுத்துவது. அப்போது எண்கள் கடலளவு இடத்தில் சிதறும். துண்டுக்கு ஓர் எண்தான் விழும். தலைப்புச் செலவு உள்ளடக்கத்தைவிடப் பெரிதாகி, சாதாரணப் பட்டியலே மேல் என்றாகிவிடும். வெளியே எந்த அடையாளம் இருந்தாலும், தரவுத்தளத்தின் உள்ளே 0, 1, 2 என்று நெருக்கமாக ஓர் உள் எண் கொடுத்து, இரண்டுக்கும் இடையே ஓர் அட்டவணை வைத்துக்கொள்வதே சரி.

'சிவப்பு அல்லாதவை' என்ற கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. சிவப்பின் பிட்மேப்பைத் தலைகீழாக்கினால் 0 எல்லாம் 1 ஆகும். அதில் நீலம், பச்சை மட்டுமல்ல, நிறமே குறிப்பிடாத பொருட்களும், ஏற்கெனவே அழிக்கப்பட்ட பொருட்களின் காலி எண்களும் சேர்ந்துவிடும். இப்படி நுழையும் பிழை சோதனையில் சிக்குவது கடினம், ஏனென்றால் சோதனைத் தரவில் யாரும் எதையும் அழித்திருக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கும் பொருட்களுக்கென ஒரு பிட்மேப்பை எப்போதும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிவப்பைக் கழிப்பதே பாதுகாப்பான வழி. நிறம் குறிப்பிடாதவை வேண்டுமா வேண்டாமா என்பதையும் தனி பிட்மேப்பாக வைத்து வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

அழிப்பதற்கே பிட்மேப்பைப் பயன்படுத்தும் போக்கும் இப்போது பரவியிருக்கிறது. டெல்டா லேக், ஐஸ்பெர்க் போன்ற பெருந்தரவு வடிவங்களில் தரவுக் கோப்புகளை ஒரு முறை எழுதினால் திருத்த முடியாது. அதில் ஒரே ஒரு பதிவை நீக்க வேண்டுமென்றால் முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. இப்போது நீக்கியவற்றின் இடங்களை மட்டும் ஒரு ரோரிங் பிட்மேப்பாகப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். படிப்பவர் அந்த இடங்களைத் தாண்டிப் படித்துக்கொள்வார். எழுதியது ஜாவா நிரல், படிப்பது ரஸ்ட் நிரல் என்றாலும் பிரச்சினையில்லை, கோப்பு வடிவம் பொதுவாக வரையறுக்கப்பட்டிருப்பதால்.

எங்கே இதைத் தவிர்க்க வேண்டும்? நொடிக்கு நொடி பலர் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும் அட்டவணையில் நேரடியாக பிட்மேப் இண்டெக்ஸ் வைப்பது தலைவலி. ஆரக்கிளில் பிட்மேப்பின் ஒரு பகுதியை மாற்றும்போது அந்தப் பகுதிக்குள் வரும் அத்தனை பதிவுகளும் பூட்டப்படும். ஒருவர் ஆர்டர் போடும்போது தொடர்பே இல்லாத இன்னொருவர் காத்திருப்பார். பில்லிங், முன்பதிவு போன்ற வேலைகளுக்கு அதனால்தான் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. லூசீன் இதைச் சுற்றிவந்த விதம், புதிய பதிவுகளைச் சிறு சிறு பிரிவுகளாக எழுதி, எழுதிய பிரிவை மாற்றாமல் விட்டு, பிறகு பின்னணியில் ஒன்றிணைப்பது. அலைபேசி எண், ஆர்டர் எண் போல ஒவ்வொரு பதிவுக்கும் வெவ்வேறு மதிப்பு உள்ள புலத்துக்கு வழக்கமான பி-ட்ரீ இண்டெக்ஸே போதும், பிட்மேப்பால் அங்கே கிடைக்கப்போவது எதுவுமில்லை. அட்டவணையில் இருப்பதே பத்தாயிரம் பதிவுகள்தான் என்றால், எந்த இண்டெக்ஸும் இல்லாமல் எல்லாவற்றையும் ஒரு முறை படித்துவிடுவதே சுலபம்.